சும்மா நின்ற பிளம்பர் வண்டி

இந்த ஆகஸ்ட் மாதம் என் மேல் ஒரு சொட்டு மழைகூட விழக் கூடாது. ஜூலையிலேயே இப்படி ஒரு முடிவை எடுத்துவிட்டேன். கன்னத்தில் சவர நுரையோடு, கண்ணாடியைப் பார்த்து உரக்கவே சொன்னேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்ததால் அவ்வளவு தைரியம்.

மழைக்கும் உனக்கும் என்னய்யா பகை என்று கேட்பீர்கள். மழையோடு எனக்கு ஒரு பகையும் கிடையாது. அது பெய்கிற இடத்தோடுதான் பகை. என் மாமியார் வீடு பிரான்ஸின் மேற்கு ஓரத்தில், பிரிட்டனியில், கடலோரம் இருக்கிறது. பாரிஸ் முழுக்க வெயிலில் வறுபடும்போதுகூட அங்கே தூறிக்கொண்டேயிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு ஆகஸ்ட் என்றால் அந்த வீடுதான். காலையில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போய்க் கடலைப் பார்க்க வேண்டும். திரும்பி வந்து கோட்டைக் காயப்போட வேண்டும். அது காய்வதற்குள் மறுபடி கடலைப் பார்க்கப் போக வேண்டும். சாப்பாட்டு மேஜையில் மாமியார் மகளைப் பார்த்து, "மாப்பிள்ளை ஆபீஸ்ல என்னதான் பண்றாராம்?" என்று கேட்பார். நான் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

நாங்கள் பிடிக்கிற திருடர்கள் மாமியார் வீட்டுக்குப் போவதாகத்தான் ஊரில் கேலி பேசுகிறார்கள். அவர்களுக்காவது நன்னடத்தைக்காகச் சீக்கிரம் விடுதலை உண்டு.

என் அண்ணன் ஹெக்தோர் இருப்பது தெற்கே. வாசலில் அத்திமரம். மரத்தடியில் இரும்புக் குண்டு உருட்டி விளையாட ஒரு மணல் தரை. வெயில், சோம்பு வாசனை வீசும் மது, மத்தியானத் தூக்கம். வருஷா வருஷம் வா வா என்று கூப்பிடுகிறான். வருஷா வருஷம் நான் அவனுக்கு மாமியார் ஊர்க் கலங்கரை விளக்கப் படத்தை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிப் பேசுகிறவன் யாரோ பயந்தாங்கொள்ளி குமாஸ்தா என்று நினைத்துவிடாதீர்கள். நான் ரெமி காஸ்தல். பாரிஸ் போலீஸில் கொள்ளைத் தடுப்புப் பிரிவின் தலைவன். துப்பாக்கி வைத்திருப்பவர்கள்கூட என்னைக் கண்டால் கையைத் தூக்குவார்கள். எங்கள் பிரிவு இருப்பது நான்காவது மாடியில்.

இரண்டாவது மாடியில் தேடுதல் பிரிவு. எங்களுக்கும் அவர்களுக்கும் ஆகவே ஆகாது. எப்போது ஆரம்பித்த சண்டை என்று யாருக்கும் ஞாபகமில்லை. நாங்கள் துரத்துகிற திருடனை அவர்கள் பிடிப்பார்கள். அவர்கள் பின்தொடர்கிறவனை நாங்கள் அமுக்குவோம். மூன்றாவது மாடியில் பொதுவான காபி இயந்திரம் ஒன்று உண்டு. அங்கே எதிரெதிரே வந்துவிட்டால் இரண்டு பக்கமும் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அந்த இரண்டாவது மாடியின் தலைவி பெயர் ஓடில் காஸ்தல். ஆமாம், என் மனைவிதான்.

வீட்டில் நிம்மதி வேண்டும் என்பதற்காக நாங்கள் ஒரு சட்டம் போட்டிருந்தோம். வாசலில் ஒரு நீலப் பீங்கான் கிண்ணம். சூப் பரிமாறுவதற்காக மாமியார் கல்யாணத்துக்குக் கொடுத்தது. உள்ளே வரும்போது இரண்டு பேரும் கைபேசியை அதில் போட்டுவிட வேண்டும். கதவைத் தாண்டினால் கேஸ் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. இந்தச் சட்டத்தால்தான் எங்கள் கல்யாணம் இவ்வளவு காலம் ஓடியது.

அந்த வருஷம் பாரிஸைக் கலக்கியவன் பாதிரி என்ற நகைக்கடைக் கொள்ளைக்காரன். நிஜப் பாதிரி இல்லை. கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வருவான், கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைரங்களை எடுப்பான், போகும்போது எல்லோரையும் ஆசீர்வதித்துவிட்டுப் போவான். மேலிடத்தில் எங்கள் இரண்டு பிரிவையும் கூப்பிட்டு, விடுமுறைக்கு ஊரே காலியாவதற்குள் அவனைப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது எனக்கு அந்த யோசனை தோன்றியது. தோன்றியது எனக்குத்தான். இதை அழுத்திச் சொல்கிறேன்.

"ஓடில், ஒரு பந்தயம்" என்றேன்.

"சொல்லுங்க."

"வேலை சம்பந்தமா எதுவும் பேசல. பொதுவாச் சொல்றேன். ஒரு ஆள் இருக்கான்னு வெச்சுக்கோ. அவனை ரெண்டு பேர் தேடுறாங்க."

"வெச்சுக்கிட்டேன்."

"யார் முதல்ல பிடிக்கிறாங்களோ, அவங்க சொல்ற இடத்துலதான் ஆகஸ்ட்."

ஓடில் முள்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தெற்கே போகணும். அதானே?"

"நான் அப்படிச் சொல்லல."

"குளியலறைக் கதவு ரொம்ப மெல்லிசுங்க" என்றாள். பிறகு, "சரி" என்றாள்.

உடனே சரி என்றுவிட்டாள். பேரம் இல்லை, முறைப்பு இல்லை. பன்றிக்கறிக் கடையில் கால் கிலோவுக்குக்கூட அரை மணி நேரம் பேரம் பேசுகிறவள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது அத்திமரம்தான். கண்ணுக்குள் வந்து நின்று நிழல் கொடுத்துவிட்டது.

அடுத்த சில நாட்கள் எங்களுக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை. என் உதவியாளன் பாஸ்தியான் நல்லவன், தைரியசாலி. ஆனால் பகல் பன்னிரண்டு ஆகிவிட்டால் அவனுடைய மூளை வயிற்றுக்கு இறங்கிவிடும்.

"தலைவரே, ரெண்டாவது மாடிக்கு எல்லாம் தெரியும்னு பேசிக்கிறாங்க" என்றான் ஒரு நாள்.

"யார் சொன்னா?"

"காபி மெஷின் கிட்ட நின்னப்போ அவங்க முகத்தைப் பாத்தேன். சிரிப்பை அடக்கிக்கிட்டு சர்க்கரையைப் பாக்குறாங்க."

"என்ன தெரியும்னு கேட்டியா?"

"அவங்ககிட்ட எப்படித் தலைவரே கேக்கறது? நீங்க வேணா வீட்ல..."

"வீட்ல சட்டம் இருக்கு."

"கேக்கத்தானே கூடாது? பாக்கலாம்ல?"

பாஸ்தியான் எப்போதாவது ஒரு முறை இப்படி அறிவாளியாகிவிடுவான். சட்டத்தில் பேசக் கூடாது என்றுதான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அன்றிலிருந்து என் வீட்டிலேயே நான் துப்பறியத் தொடங்கினேன். ஓடிலின் செருப்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மேல்கோட்டை மோந்து பார்த்தேன். அவள் குளிக்கும்போது கைப்பையைத் திறக்க நினைத்தேன். பிறகு, ஒரு போலீஸ்காரிக்குத் தெரியாமல் அவள் கைப்பையைத் திறந்து மூடியவன் இதுவரை பிறக்கவில்லை என்று விட்டுவிட்டேன்.

துப்பு கைப்பையில் இல்லை, மேஜை மேல் இருந்தது. ரொட்டி வடிவத்தில்.

எங்கள் ஊரில் ஒருவன் மதம் மாறலாம், கட்சி மாறலாம். ரொட்டிக் கடை மட்டும் மாற மாட்டான். எங்கள் கட்டடத்துக்குக் கீழேயே கடை. அந்தக் கடைக்காரியைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். வேறு கடையின் நீள ரொட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நடக்க யாருக்கும் துணிவு வராது. அப்படியிருக்க, அன்று சாயங்காலம் எங்கள் மேஜையில் கிடந்த ரொட்டியின் காகிதத்தில் 'பிஷோன், வாய்க்கால் தெரு' என்று அச்சடித்திருந்தது.

"இது நம்ம கடை ரொட்டி இல்லையே" என்றேன், வெண்ணெய் தடவிக்கொண்டே.

"கீழே இன்னைக்கு எல்லாம் கருகிடுச்சாம்."

"ஓகோ."

நான் வரும்போதுதான் கீழே கடையைப் பார்த்திருந்தேன். பொன்னிறமாக வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். ஒன்றின் முனையை நானே ஆசையாகப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறினேன். ஓடில் பொய் சொல்கிறாள். வாய்க்கால் தெரு எங்கள் வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவிலேயே இல்லை. ஊரின் மறு கோடி. ஒரு பெண் அங்கே போய் ரொட்டி வாங்குகிறாள் என்றால் யாரையோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று அர்த்தம். அவள் தேடுதல் பிரிவின் தலைவி என்றால் பாதிரியை.

ரொட்டி நன்றாகவும் இருந்தது. நான் இரண்டாவது துண்டு கேட்டேன். அவள் தாராளமாக வெட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் நான்காவது மாடியில் அறிவித்தேன். "வாய்க்கால் தெரு. ரொட்டிக் கடைக்கு எதிர்க் கட்டடமாத்தான் இருக்கணும். ரெண்டாவது மாடிக்காரங்க முந்திக்கறதுக்குள்ள நாம அங்கே போயிடணும்."

"எப்படி தலைவரே கண்டுபிடிச்சீங்க?" என்று பாஸ்தியான் வியந்தான்.

"மூளை" என்றேன்.

எங்கள் பிரிவில் மறைந்திருந்து கண்காணிக்க ஒரே ஒரு வண்டிதான் உண்டு. வெளியே 'பிளம்பர் வேலை, விரைவான சேவை' என்று எழுதியிருக்கும். உள்ளே நான்கு பேர் மடங்கி உட்காரலாம். நம்பகத்தன்மைக்காக ஒரு பெட்டி நிறைய ஸ்பானரும், நீல நிற முழு உடுப்பும் உண்டு. புதன்கிழமை காலை அந்தக் கட்டடத்துக்கு நேர் எதிரே வண்டியை நிறுத்தினோம். முன்வாசல் எங்கள் கண்ணெதிரே. ஒரு ஈ வெளியே வந்தாலும் பார்த்துவிடலாம்.

பன்னிரண்டு மணிக்கு பாஸ்தியானின் மூளை இறங்க ஆரம்பித்தது. நானே நீல உடுப்போடு ரொட்டிக் கடைக்குள் போனேன். மாவு படிந்த கையோடு கடைக்காரி மதாம் பிஷோன் சிரித்த முகமாக வரவேற்றார்.

"வாங்க பிளம்பரய்யா. நாலு பேருதானே? ரெண்டு பன்றிக்கறி வெச்சது, ரெண்டு பாலாடைக்கட்டி வெச்சது. கட்டித் தயாரா வெச்சிருக்கேன்."

என் வேஷத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு வார்த்தை பேசாமலேயே பிளம்பர் என்று நம்பிவிட்டார்கள். நாலு பேர் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி மனதின் ஓரத்தில் லேசாக எட்டிப் பார்த்தது. ஆனால் கையில் இருந்த பொட்டலம் சூடாக இருந்ததால் கேள்வி ஆறிப்போய்விட்டது.

சிக்கல் சாப்பிட்டு முடித்ததும் தொடங்கியது. வண்டியின் கதவை யாரோ தட்டினார்கள்.

திறந்தேன். ஒரு சங்கீத வாத்தியார். கையில் குடை, கண்ணில் கண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"ஐயா, நிஜமாவே பிளம்பர்தானா?"

"ஆமா."

"சும்மா உக்காந்திருக்கீங்களா?"

"அது... ஒரு ஆளுக்காகக் காத்துக்கிட்டிருக்கோம்."

"ஐயா, மார்ச்ல இருந்து பிளம்பர் தேடுறேன். நவம்பர்ல வர்றேன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். என் குளியல் தொட்டி கீழ்வீட்டுக்குள்ள இறங்கிக்கிட்டிருக்கு. ஒரு தடவை வந்து பாருங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் பின்னால் இன்னும் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் ஒரு தையல்காரர். தெருவில் செய்தி பரவிவிட்டது. ஜூலை கடைசியில், பாரிஸில், ஒரு பிளம்பர், அதுவும் வேலையில்லாமல். ஜன்னல்களைத் திறந்து ஒருவருக்கொருவர் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டார்கள்.

"தலைவரே, வரிசை மூலை வரைக்கும் போயிடுச்சு" என்றான் பாஸ்தியான், ஓட்டை வழியாகப் பார்த்து.

"பாதிரி வரிசையில நிக்கறானா பாரு."

"ஒரு கன்னியாஸ்திரி நிக்கறாங்க. பாதிரி இல்ல."

எதிர்க் கட்டடத்தின் காவல்காரம்மாவிடம் மட்டும் என்னால் தப்ப முடியவில்லை. அந்த அம்மாள் கதவைத் தட்டவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டார். பார்க்க வேண்டிய கட்டடமே அதுதான் என்பதால் நானும் இழுபட்டேன். தன் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுக்க வைத்தார்.

"இறுக்குங்க" என்றார்.

"எந்தப் பக்கம்?"

"நீங்கதானே பிளம்பர்?"

வலது பக்கம் திருப்பினேன். முகத்தில் பீய்ச்சி அடித்தது. இடது பக்கம் திருப்பினேன். கண்ணில் அடித்தது. மூன்றாவதாக ஒரு பக்கம் இருக்கக் கூடாதா என்று யோசித்துக்கொண்டே கையில் கிடைத்ததை எல்லாம் திருகினேன். திடீரென்று நின்றுவிட்டது. ஒழுகலே இல்லை.

வாழ்க்கையில் எத்தனையோ கொள்ளைக்காரர்களைப் பிடித்திருக்கிறேன். அந்தக் குழாய் நின்றபோது வந்த பூரிப்பு எதிலும் வந்ததில்லை. காவல்காரம்மா என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். நான் தொப்பலாக நனைந்து, நெஞ்சு நிமிர்ந்து வண்டிக்குத் திரும்பினேன்.

எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயும் பனிக்காலத்திலிருந்து சொட்டிக்கொண்டேதான் இருந்தது. ஓடில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டு, அடியில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் நான் கை கழுவினேன். சொட்டுச் சத்தம் கேட்டது. என் கை துறுதுறுத்தது. ஸ்பானர் பெட்டி வண்டியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது. ஐந்தே நிமிஷம்.

ஓடில் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"எங்கே கத்துக்கிட்டீங்க?"

"பாஸ்தியான் சொல்லிக் குடுத்தான்."

"பாஸ்தியானுக்கு முட்டையே உடைக்கத் தெரியாதே."

"குழாய் வேற, முட்டை வேற."

"அது சரி" என்றாள். பாத்திரத்தை எடுத்துத் துடைத்து உள்ளே வைத்தாள். முகத்தில் ஒரு நிறைவு. குழாய் நின்ற நிறைவு என்று நினைத்துக்கொண்டேன். பாவம், அவளை இந்த வருஷம் தெற்கே இழுத்துக்கொண்டு போகப் போகிறோமே, மாமியார் முகம் வாடிப்போகுமே என்று மனசு கொஞ்சம் கனத்தது. ஜெயிக்கப் போகிறவனுக்கு இரக்கம் சுலபமாக வரும்.

வியாழக்கிழமையும் அதே இடம். அதே வரிசை. அதே ரொட்டி. முன்வாசலில் பாதிரி தலை காட்டவில்லை. வெள்ளிக்கிழமை பகல், பாஸ்தியான் இரண்டாவது ரொட்டியைப் பிரிக்கும்போது வண்டியில் இருந்த கம்பியில்லாக் கருவி கரகரத்தது.

"எல்லோருக்கும் அறிவிப்பு. பாதிரி பிடிபட்டான். வாய்க்கால் கரையில். இரண்டாவது மாடி."

பாஸ்தியான் மெல்லுவதை நிறுத்தினான். அது மட்டுமே அவனால் முடிந்த அனுதாபம்.

"வாய்க்கால் கரைன்னா," என்றான் கொஞ்சம் கழித்து, "இந்தக் கட்டடத்துக்குப் பின்பக்கம் தலைவரே."

எனக்கு அது தெரியாதா என்ன. தெரியாது.

ஆபீசுக்கு ஓடினேன். நீல உடுப்பைக்கூடக் கழற்றவில்லை. மூன்றாவது மாடியில், காபி இயந்திரத்துக்குப் பக்கத்து பெஞ்சில், கைவிலங்கோடு உட்கார்ந்திருந்தான் பாதிரி. நரைத்த தலை, அமைதியான முகம். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றான்.

"நீங்கதானே அந்தப் பிளம்பர்?"

"நான் கொள்ளைத் தடுப்புப் பிரிவுத் தலைவன்."

"அதைத்தான் சொல்றேன்" என்றான். "என் வீட்டு ஜன்னல்ல இருந்து உங்களைப் பாத்தேன். என் ஆயுசுல நான் இந்த ஊர்ல ஜூலை மாசம் சும்மா உக்காந்திருக்கிற பிளம்பரைப் பாத்ததில்லை. போலீஸைத் தவிர வேற யாரா இருக்க முடியும்?"

"அப்பவே ஓட வேண்டியதுதானே? ஏன் வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்தே?"

கொஞ்சம் வெட்கப்பட்டான். "என் குளியலறைக் குழாயும் ஒழுகுதுங்க. காவல்காரம்மா வீட்ல நீங்க சரி பண்ணிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். போறதுக்கு முன்னாடி கூப்பிட்டுப் பாக்கலாமான்னு ரெண்டு நாள் சபலம். நீங்க நல்லா இருக்கணும், ஐயா." விலங்கோடு சேர்த்து இரண்டு கையையும் தூக்கி என்னை ஆசீர்வதித்தான்.

அன்று வீட்டுக்குள் நுழையும்போது நீலக் கிண்ணத்தில் ஓடிலின் கைபேசி கிடந்தது. என்னுடையதைப் போட்டேன். மேஜையில் பிஷோன் கடை ரொட்டி.

"கேஸ் முடிஞ்சுபோச்சு" என்றேன். "இனிமே பேசலாம் இல்லையா?"

"தாராளமா."

"இந்த ரொட்டியை வேணும்னுதான் வெச்சே."

"மூணு நாளா வெச்சேங்க. முதல் ரெண்டு நாள் நீங்க கவனிக்கவே இல்ல. சாப்பிட்டு முடிச்சு, காகிதத்துல கையைத் துடைச்சீங்க."

கையில் இருந்த காகிதத்தை மெல்லக் கீழே வைத்தேன்.

"அவன் அந்தக் கட்டடத்துலதான் இருக்கான்னு தெரியும்" என்றாள் ஓடில், சூப்பை ஊற்றிக்கொண்டே. "எந்த வீடுன்னு தெரியல. நாற்பது கதவு இருக்கு. ஆள் வெளியவே வரல. அவனா பயந்து வெளிய வரணும்."

"அப்போ ஒரு போலீஸ் வண்டியை நிறுத்தியிருக்கலாமே?"

"சீருடையைப் பாத்தா பூட்டிக்கிட்டு உள்ளேயே இருந்துடுவான். ஒளிஞ்சிருக்கிற போலீஸைக் கண்டுபிடிச்சாத்தான், 'இவங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள நழுவிடலாம்'னு தோணும். முன்பக்கம் போலீஸ்னா பின்பக்கமா வருவான். பின்பக்கம் நான் பெஞ்சுல உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டிருந்தேன்."

"உன் ஆளுங்களையே முன்னாடி ஒளிஞ்சிருக்கச் சொல்லியிருக்கலாம்."

ஓடில் என்னைக் கனிவாகப் பார்த்தாள். அந்தக் கனிவு எனக்குப் பிடிக்கவில்லை.

"சொன்னேங்க. ஒரு வாரம் ஒளிஞ்சிருந்தாங்க. அவனால கண்டுபிடிக்கவே முடியல. என் ஆளுங்க அவ்வளவு நல்லா ஒளியறாங்க, நான் என்ன பண்ண? அதான் உங்க ஆளுங்க வேண்டியிருந்தது."

ஒரு மிடறு ஒயின் குடித்தேன்.

"நாங்க பிளம்பர் வண்டியிலதான் வருவோம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்ககிட்ட வேற வண்டி இருக்கா?"

இல்லை. அது உண்மை.

"அந்த மதாம் பிஷோன்..."

"நீங்க கவனிச்ச மறுநாளே சொல்லி வெச்சுட்டேன். நாலு பிளம்பர் வருவாங்க, பசியோட இருப்பாங்க, நல்லாக் கவனிச்சுக்குங்கன்னு. தெருவுக்கும் சொல்லிடுங்கன்னு சொன்னேன். தெருவே கூடி நின்னாத்தானே உள்ளே இருக்கிறவன் எட்டிப் பாப்பான்? சாப்பாடு சரியா இருந்துதா?"

"சூடா இருந்தது" என்றேன். வேறு என்ன சொல்வது. தோற்றுப்போனவன் குறைந்தபட்சம் நியாயமாகவாவது இருக்க வேண்டும்.

அவள் என் கையின் மேல் கையை வைத்தாள். உண்மையிலேயே பிரியமாகத்தான் வைத்தாள். அந்த நிமிஷம் எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. இப்படி ஒரு மூளையோடு ஒரே வீட்டில் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறோமே என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. அத்திமரம் மட்டும் கண்ணுக்குள்ளிருந்து மெல்ல நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. அண்ணனுக்கு இந்த வருஷமும் கலங்கரை விளக்கம்தான்.

"சரி" என்றேன். "பந்தயம் பந்தயம்தான். மழைக்கோட்டை எடுத்து வைக்கறேன்."

"கோட்டு எதுக்குங்க?" என்றாள் ஓடில். "இந்தத் தடவை அது தேவைப்படாது."

மனசு இரங்கிவிட்டாளா? நான் கேட்காமலேயே தெற்குப் பக்கம் போகச் சம்மதிக்கிறாளா? நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"அந்த ஸ்பானர் பெட்டியை மட்டும் ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துடாதீங்க" என்றாள். "அம்மா வீட்ல ரெண்டு குழாயும் குளியல் தொட்டியும் ஒழுகுது. பிரிட்டனியில மட்டும் ஆகஸ்ட்ல பிளம்பர் கிடைப்பானா? நம்ம வீட்டுக் குழாயை நீங்க சரி பண்ணின அன்னைக்கே அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். அம்மாவுக்கு ஒரே பெருமை. மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்னு இப்பத்தான் தெரியுதாம். தெரு பூராச் சொல்லிட்டாங்களாம்."

ஆக, நான் எடுத்த முடிவு பலித்துவிட்டது. இந்த ஆகஸ்டில் என் மேல் ஒரு சொட்டு மழைகூட விழவில்லை. மாதம் முழுக்க யாராவது ஒருவர் வீட்டுத் தொட்டிக்கு அடியில்தான் படுத்திருந்தேன்.